நூலகத்தில் பயிற்சிக்காலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நூலக அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஓராண்டுப் பயிற்சியாளராகச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. எழுத வருவதற்கு முன் நீங்களும் இப்படிப் பயிற்சியில் இருந்ததாக ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். காலையில் நாளிதழ் கோப்பது, மேசையில் கிடக்கும் நூல்களைத் திரும்ப அடுக்குவது, புதிய நூல்களுக்கு முத்திரை குத்துவது தவிர எனக்கு வேறு வேலை தரப்படவில்லை. நூல்களுக்குத் துறைவாரியாக எண் இடும் பகுப்பாக்கம், அவற்றின் விவரங்களைப் பட்டியலிடும் அட்டவணையாக்கம் என்று படித்தவையெல்லாம் இதில் எங்கே இருக்கின்றன? இதற்குப் பத்தாம் வகுப்பு போதாதா? உங்களுடைய ஒரு நாள் எப்படி இருந்தது?

ம.

அன்புள்ள ம.,

என்னுடைய நாளும் நாளிதழில்தான் தொடங்கியது. எட்டு மணிக்குக் கதவு திறப்பதற்குள் அன்றைய இதழ்களில் முத்திரை குத்தி, கழியில் கோத்து, முந்தைய நாளுக்குரியவற்றை உள்ளே அனுப்பிவிட வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதற்குள் வாசலில் வரிசை கட்டியிருப்பார்கள். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அடுத்தது, முந்தைய மாலை வாசகர்கள் மேசைகளில் விட்டுச்சென்ற நூல்கள். அவற்றை வண்டியில் ஏற்றும் முன் துறைவாரியாக எண்ணிப் பதிவேட்டில் எழுதுவோம். இரவல் பெறாமல் உள்ளேயே இருந்து படிக்கப்பட்ட நூல்களுக்கு இந்த எண்ணிக்கையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எந்தத் துறைக்கு எவ்வளவு நூல் வாங்குவது என்ற பேச்சு வரும்போது அந்தப் பதிவேட்டையும் எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த நூலை மேசையிலேயே வைத்துவிடும்படி எழுதி ஒட்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நல்லெண்ணத்தோடு தாமே திரும்ப வைக்கிற வாசகர் பெரும்பாலும் பக்கத்து ரேக்கில் வைத்துவிடுவார் என்பது இன்னொரு காரணம்.

பத்தாம் வகுப்பு போதாதா என்கிறீர்கள். முதுகலை முடித்த நானே நூல் அடுக்குவதில் தவறினேன். நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, அதில் புனைகதை 894.8113. தெலுங்கு இலக்கியம் 894.827. தாளில் வரிசைப்படுத்தச் சொன்னால் எவரும் சரியாக எழுதுவார்கள். ஆனால் இடுப்பளவு வண்டியில் நூல்களை வைத்துக்கொண்டு ரேக்கின் முன் குனிந்து நிற்கும்போது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கண் முழு எண்ணாக வாசித்துவிடுகிறது. 827 சிறியது, 8113 பெரியது என்று கை முடிவு செய்ய, 894.827 என்று எண்ணிட்ட தெலுங்கு நூல் தமிழ் நாவலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது.

ஒப்பிலக்கிய ஆய்வாளர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு தெலுங்கு நூலைத் தேடி வந்தார். நூலகக் கணக்கை வைத்திருக்கும் கோஹா மென்பொருளில் அது இருப்பில் உள்ளதாகவே காட்டியது, ரேக்கில் இல்லை. மூன்று நாட்கள் வந்து வெறுங்கையோடு திரும்பினார். நான்காம் நாள் அதைத் தமிழ்ப் புனைகதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கண்டெடுத்தேன். அந்த மாதம் அந்தப் பகுதி என் பொறுப்பில் இருந்ததால், வைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தொலைந்துபோனதாகக் கணக்கில் வந்துவிட்ட நூலுக்கு மாற்றுப்படி வாங்கலாம். இது கணக்கில் பத்திரமாக இருந்ததால் அதற்கும் வழியில்லாமல் இருந்தது. உதவி நூலகராக இருந்த அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் தினமும் ஒரு மணி நேரம், இலக்கியத்துக்குரிய 800 வரிசையை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எண்ணாக வாசித்துச் சரிபார்க்கச் சொன்னார். தண்டனை என்றே அப்போது நினைத்தேன்.

அப்படி வாசித்தபோதுதான், வகுப்பில் மனப்பாடம் செய்த பகுப்பாக்கம் எவ்வளவு சிக்கலானது என்பது புலப்பட்டது. தொல்காப்பியப் பதிப்புகள் இலக்கணம் என்ற முறையில் மொழிக்குரிய 494.811 வரிசையில் இருந்தன. கவிதையின் பொருளையும் செய்யுளையும் பேசும் பொருளதிகாரம் மட்டும் தனியாக வந்த பதிப்பு ஒன்று, நான்கு வரிசை தள்ளி, இலக்கியத்துக்குரிய 894.811இல் இருந்தது. முதலில் அதை யாரோ செய்த பிழை என்று எண்ணி அம்மையாரிடம் கொண்டுபோனேன். பொருளும் இலக்கணமே என்பது நம் மரபு. மொழியை ஓரிடத்திலும் இலக்கியத்தை வேறோரிடத்திலும் வைப்பது டியூவியின் ஏற்பாடு. இரண்டில் எதற்கு இணங்குவது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். அந்த நூலைக் கையில் ஏந்திக்கொண்டு இரண்டு ரேக்குகளுக்கும் இடையே நடந்திராவிட்டால், அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

முற்பகலில் புதிய நூல்கள் வரும். பட்டியலோடு ஒப்பிட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் கொடுத்து, தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் முத்திரை குத்தி, பார்கோடு ஒட்டுவோம். இவற்றோடு இரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு. எல்லா நூல்களிலும் குறிப்பிட்ட ஒரே பக்கத்தில் குத்துவது. முதல் பக்கத்தைக் கிழித்து, நூலின் முதுகில் ஒட்டிய எண் சீட்டை உரித்துக் கொண்டுபோகிறவருக்கு அது தெரியாது. எங்களுடைய பக்கம் எது என்பதை இன்றும் சொல்ல மாட்டேன். பிற்பகலில் இரவல் கவுண்டர். பருவ இறுதியில், நூல் பாக்கி ஏதுமில்லை என்ற ‘நோ டியூஸ்’ சான்றுக்கு வரும் மாணவர்கள், இரண்டாண்டுகளுக்கு முன் எடுத்த நூலைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். இடையில் நேரம் கிடைத்தால், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்காக முனைவர் பட்ட ஆய்வேடுகளை இயல்வாரியாகப் பிரித்துக் கோப்புகளாக்க வேண்டும்.

சலிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான சில நாட்களிலேயே அந்த வேலையின் வெறுமை தாங்காமல், தம்மை வகுப்பறைக்கே திருப்பி அனுப்பக் கேட்டவர். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வரும்படி சொன்னார்கள். அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியில் கேட்ட பாடத்தோடு, குரோய்டன் பொது நூலகத்தில் வேலைகளை நேரில் இருந்து கற்றார். ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1931இல் நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளும் 1933இல் அவருடைய கோலன் பகுப்பு முறையும் வெளிவந்தன. நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்வது. அந்த ஆய்வாளரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று நாட்கள்.

ஆனாலும் உங்கள் குறை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். காலியாக இருக்கும் பணியிடங்களின் வேலையைப் பயிற்சியாளர்களின் தலையில் கட்டிவிட்டு, ஆண்டு முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. மூன்று மாதம் அடுக்கியது போதும். அட்டவணைப் பிரிவில் இரண்டு மாதம், ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மேசையில் ஒரு மாதம் என்று மாற்றிப் போடும்படி நூலகருக்கு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பதோடு நின்றுவிடும்.

பதில் வரும்வரை ஒன்று செய்யலாம். வண்டியிலிருந்து தினமும் பத்து நூல்களை எடுத்து, முதுகுச் சீட்டைத் தாளால் மறைத்து, பொருளடக்கத்தையும் முன்னுரையையும் மட்டும் பார்த்து நீங்களே பகுப்பு எண் போடுங்கள். பிறகு தாளை நீக்கி ஒப்பிடுங்கள். எண் மாறுபடும் நூல்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை அட்டவணைப் பிரிவில் இருப்பவரிடம் காரணம் கேளுங்கள். எனக்கு முதல் வாரம் பத்துக்கு நான்குதான் ஒத்துவந்தது.

அன்புடன்.