பரணில் கிடைத்த அமெரிக்க டிரங்குப் பெட்டி: தேய்ப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. முன்பு இங்கே வாழ்ந்த மூதாட்டியின் மகனைக் கேட்டதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். உள்ளே 1964-ஆம் ஆண்டின் கென்னடி அரை டாலர் நாணயங்கள் ஆறு, நிலவில் மனிதன் இறங்கிய மறுநாள் வந்த செய்தித்தாள், ஒரு தகர டப்பாவில் தேர்தல் பேட்ஜுகள், அவற்றோடு தந்த நிறச் சீப்பு ஒன்று, கவ்பாய் படம் போட்ட பள்ளிக்கூட டிபன் பெட்டி, போர்க்கால ரேஷன் புத்தகம், ஆரஞ்சு நிறத் தட்டுகள் நான்கு. டப்பாவைத் திறந்ததும் கற்பூர வாசம் வந்தது. நாணயங்களை விபூதி போட்டுத் துலக்கலாமா? இவற்றில் எதற்கு மதிப்பு அதிகம்? அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளுமா?

பதில்: துலக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக் கிண்ணத்தை விபூதியால் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம்; கிண்ணத்துக்கு அது பொருந்தும். நாணயத்தின் மேல் அது போடும் மெல்லிய கீறல்கள் பிறகு போகவே போகாது. நாணயம் வாங்குபவர் பூதக்கண்ணாடியை எடுத்ததும் முதலில் தேடுவது அந்தக் கீறலைத்தான். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம்.

அடுத்தது கற்பூர வாசம். உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தச் சீப்பு தந்தம் இல்லை, செலுலாய்டு. பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலம் கொண்டு மாற்றி, அதோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்து செய்த ஆரம்பகால பிளாஸ்டிக் அது. 1920-களில் அமெரிக்கப் பெண்களின் அலங்கார மேசையில் இந்தத் தந்த நிறச் சீப்பும் கைக்கண்ணாடியும் சாதாரணமாக இருந்தன. சீப்பின் முதுகைக் கட்டைவிரலால் நாலைந்து முறை அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், பூஜை அறை வாசம் வரும். ஆண்டுகள் ஆக ஆக அந்தக் கற்பூரம் காற்றில் போய்விடுகிறது. சீப்பு சுருங்கி வெடிக்கிறது. கூடவே நைட்ரஜன் சேர்ந்த அமில ஆவியையும் விடுகிறது. மூடிய தகர டப்பாவுக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. பேட்ஜுகளின் பின்பக்க ஊசி துருப்பிடித்திருந்தால், பரணின் ஈரத்தோடு இந்தச் சீப்புக்கும் அதில் பங்கு உண்டு. இன்றே சீப்பைப் பிரித்தெடுங்கள். அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். செலுலாய்டு நொடியில் தீப்பற்றும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பேட்ஜுகளையும் நீரில் கழுவக் கூடாது. ஒன்றைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அச்சடித்த காகிதம், அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தகடு, கீழே உலோகம், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் ஒரு வளையம். ஒரு சொட்டு நீர் வளையத்தின் இடுக்கில் இறங்கினால் காகிதத்தில் பழுப்புக் கறை படரும், அதை எடுக்க வழியே இல்லை. உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும். இந்த வகைப் பேட்ஜ் 1896-ஆம் ஆண்டு மெக்கின்லியும் பிரையனும் மோதிய அதிபர் தேர்தலில்தான் பெரும் அளவில் புழக்கத்துக்கு வந்தது. நேரடியாகத் தகரத்திலேயே அச்சடித்த மலிவு வகை 1920-ஐ ஒட்டித்தான் பரவியது. ஆகவே மெக்கின்லியின் முகம் தகர அச்சில் இருந்தால் அது பிற்காலப் பிரதி என்று தயங்காமல் சொல்லலாம். 1972-இல் ஒரு பெட்ரோல் நிறுவனம் பழைய பேட்ஜுகளின் பிரதிகளை ஏராளமாக வெளியிட்டது; ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த ஆண்டு இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. ஓரத்தில் தேய்த்த தடம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பிரதிகளில் தயாரித்த ஆண்டைப் பொறித்தே ஆக வேண்டும் என்று 1973-இல் அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்தது.

இப்போது மதிப்பு. அருங்காட்சியக வேலையில் இருக்கும் நாங்கள் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பொருள்களை மனத்துக்குள் இரண்டு குவியலாகப் பிரித்துவிடுவோம்: நினைவாக வைத்துக்கொள்ளவென்றே செய்தவை ஒரு பக்கம், பயன்படுத்தித் தீர்த்துவிடச் செய்தவை மறுபக்கம். முதல் வகையை எல்லோருமே பத்திரப்படுத்தினார்கள், அதனால் எங்கும் கிடைக்கின்றன. இரண்டாவது வகையை எல்லோரும் தூக்கி எறிந்தார்கள். காட்சிப் பேழைக்கு நாங்கள் தேடி அலைவது பெரும்பாலும் இதைத்தான்.

அதிபர் கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டார். அடுத்த மார்ச்சில் அரை டாலர் வெளிவந்தபோது மக்கள் அதைச் செலவழிக்க மனமின்றி இழுப்பறையில் வைத்தார்கள். அந்த ஆண்டுத் தேதியிட்டு மட்டும் சுமார் 43 கோடி நாணயங்கள் அச்சாயின. உங்கள் ஆறும் 90 சதவீத வெள்ளி, ஒவ்வொன்றும் 12.5 கிராம், சாதாரண நிலையில் இருந்தால் அவற்றின் விலை அநேகமாக வெள்ளி விலைதான். (1965 முதல் 1970 வரையிலானவற்றில் வெள்ளி 40 சதவீதமாகக் குறைந்தது.) 1969 ஜூலை 21 செய்தித்தாளும் அப்படித்தான், பல வீடுகளில் இருக்கிறது. பெருநகரப் பத்திரிகை என்றால் ஆசையாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பத்திரிகை என்றால் கதை வேறு. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் உங்கள் மாநிலத்தின் வாபகொனேட்டா ஊர்க்காரர். அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1972 முதல் அங்கே இருக்கிறது. ஒரு சிற்றூர் அந்த இரவை எப்படிக் கழித்தது, மறுநாள் கடையில் பன்றிக்கறி என்ன விலை என்பதெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகையில்தான் கிடைக்கும். எந்தப் பத்திரிகையாக இருந்தாலும் லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். மரக்கூழ்க் காகிதம் தனக்குள்ளிருக்கும் அமிலத்தாலேயே பழுப்பேறும்; விரித்துப் படுக்கவைத்து, இருட்டில் வைப்பதே மருந்து.

தட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1936-இல் ஹோமர் லாஃப்லின் நிறுவனம் ஃபியஸ்டா என்ற வண்ணப் பாத்திரங்களை விற்கத் தொடங்கியது. அவர்கள் சிவப்பு என்று பெயரிட்ட நிறம் பார்ப்பதற்கு ஆரஞ்சாக இருக்கும். அந்த நிறம் யுரேனியம் ஆக்சைடிலிருந்து வந்தது. போருக்காக யுரேனியம் முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டதால் 1943-இல் அந்த நிறம் நின்றது, 1959-இல் திரும்ப வந்து 1972 வரை நீடித்தது. தட்டின் அடியில் முத்திரையைப் பாருங்கள். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் சாப்பிட வேண்டாம். ரசமும் எலுமிச்சை சாதமும் ஊறுகாயும் புளிப்பு. புளிப்பு அந்த மெருகிலிருந்து உலோகத்தைக் கரைத்து எடுக்கும்.

என்னைக் கேட்டால் பெட்டியின் உயிர் ரேஷன் புத்தகத்திலும் டிபன் பெட்டியிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரை, இறைச்சி, வெண்ணெய், டின் உணவு எல்லாம் அமெரிக்காவில் பங்கீடாயின. புத்தகத்தின் முகப்பில் பெயரும் முகவரியும் இருக்கும். மூன்றாம் புத்தகமாக இருந்தால் வயது, எடை, உயரம், தொழில்கூடப் பதிவாகியிருக்கும். கிழிக்காத முத்திரைகள் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். டிரங்குப் பெட்டியின் மூலையில் காசு போன்ற சிவப்பு, நீல வில்லைகள் கிடக்கலாம். உலோகம் போருக்குப் போனதால் அழுத்திய நாரில் செய்தவை. 1944 முதல் கடைகளில் ரேஷன் முத்திரைகளுக்குச் சில்லறையாகக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

டிபன் பெட்டிக்கு வருகிறேன். 1950-இல் நாஷ்வில்லின் அலாதீன் நிறுவனம் ஹாப்அலாங் காசிடி என்ற கவ்பாய் நாயகனின் படத்தை ஒட்டி விற்றபோதுதான் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் படம் போட்ட டிபன் பெட்டி மோகம் தொடங்கியது. அவை சரிந்து விழுந்து நசுங்கும், மழையில் நனையும், அடுத்த வருடம் புது நாயகன் வந்ததும் குப்பைக்குப் போகும். உங்களுடையதைத் திறந்து மூடியின் உள்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஆணியால் கீறிய ஒரு பெயரோ வகுப்பு எண்ணோ தெரியலாம். விற்பனையாளர் அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார். அருங்காட்சியகக்காரருக்கு அந்தக் கீறல்தான் பொருளே. துருவைச் சுரண்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு மலிவுக் கடையின் சாப்பாட்டு மேடைத் துண்டும் நான்கு இருக்கைகளும் இருக்கின்றன. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய மேடையில் அமர்ந்து எழ மறுத்தார்கள். அதே மாதிரி இருக்கைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அங்கே யார் உட்கார்ந்தார்கள் என்பது தெரிந்ததால் அந்தத் துண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தது. சமையல் கலைஞர் ஜூலியா சைல்டின் சமையலறையை 2001-இல் அதே அருங்காட்சியகம் எடுத்துவந்தபோது, எந்தப் பாத்திரம் எந்த ஆணியில் தொங்கியது என்பதுவரை குறித்துக்கொண்டு எடுத்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பெட்டியிலிருந்து இனி எடுக்கும் ஒவ்வொன்றையும், எது எதோடு இருந்தது என்று தெரியும்படி படம் எடுங்கள்; பின்புறம், ஓரம், அடி முத்திரை எல்லாம் வேண்டும். எண் எழுதிய காகிதத் துண்டைப் பக்கத்தில் வையுங்கள், பொருளின் மேல் எழுத வேண்டாம். பிறகு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். கோடையில் கொதித்து குளிர்காலத்தில் உறையும் இடம் அது. நிலவறையும் ஈரம். மக்கள் புழங்கும் அறையின் அலமாரியே போதும்.

அருங்காட்சியகம் என்றதும் வாஷிங்டனுக்கு எழுதாதீர்கள். அங்கே 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் மிகச் சிறு பகுதிதான் காட்சியில். உங்கள் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்குப் படங்களுடன் ஒரு கடிதம் அனுப்புங்கள். கேட்காமல் பொருளைக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டாம். அவர்கள் விலை மதிப்பிட்டுத் தர மாட்டார்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை கேட்பதானால், மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் தனிப் படிவம் உண்டு, 5,000 டாலரைத் தாண்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் சான்றும் வேண்டும். பொருள் உங்களுடையதுதானா என்றும் கேட்பார்கள். வாய்ச்சொல் போதாது, அந்த மகனிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரைப் பார்க்கப் போகும்போது டிபன் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். மூடியின் உள்பக்கத்தைக் காட்டி, அந்தப் பெயர் யாருடையது, எந்தப் பள்ளி, அம்மா அதில் என்ன கட்டிக் கொடுப்பார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவுசெய்து, தேதி போட்டு, பெட்டியோடு வையுங்கள்.