டீச்சரிடம் கேளுங்கள்: கிறிஸ்தவ விசுவாசத்தின் அரிச்சுவடி

பசுமலைப் பக்கம் உள்ள எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்ததும் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கை செய்யத் தயாராகும் வகுப்பு அது. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதனால் வாசகர்களும் ‘டீச்சர்’ என்றே எழுதுகிறார்கள். வந்த கடிதங்களில் அடிப்படையான கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: என் வாயில் வருவது புராட்டஸ்டண்ட் சபைப் பேச்சு. நான் ஞானஸ்நானம் என்றால் உங்கள் திருமுழுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். மருமகள் தங்கமானவள். ஆனால் அவள் சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் “நாம் எல்லாரும் பாவிகள்” என்று பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் யாருக்கும் துரோகம் செய்தவள் இல்லை. கேட்கவே சங்கடமாக இருக்கிறது. உங்கள் மதத்தின் அடிப்படைதான் என்ன டீச்சர்?
வாசகி, திருமங்கலம்

அக்கா, உங்கள் சங்கடம் நியாயமானது. விருந்துக்கு வந்த இடத்தில் அந்தப் பேச்சை முதலில் எடுத்திருக்க வேண்டாம். இயேசு அப்படி ஆரம்பித்தவர் இல்லை. லூக்கா எழுதின சுவிசேஷத்தில், அதாவது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் வேதப் புத்தகத்தில், 19-ஆம் அதிகாரத்தில் சகேயு என்று ஒருவன் வருகிறான். எரிகோ ஊர்க்காரன், வரி வசூல்காரர்களுக்குத் தலைவன். ரோமருக்காகச் சொந்த ஜனத்திடம் வரி பிடுங்கி, அதில் தானும் பணக்காரன் ஆனவன். ஊரில் ஒருவருக்கும் அவனைக் கண்டால் ஆகாது. இயேசு அந்த வழியாக வருகிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போகிறான். ஆள் குள்ளம், கூட்டம் மறைக்கிறது. மாசி வீதியில் தேர் பார்க்கப் பிள்ளைகள் கிடைத்ததில் எல்லாம் ஏறுவதுபோல, ஓடிப்போய் ஒரு காட்டத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறான்.

இயேசு அந்த மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்து, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். சீக்கிரம் இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். கணக்கை நேர் செய்துவிட்டு வா என்று சொல்லவில்லை. ‘நீ பாவி’ என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லி முறுமுறுத்தது சுற்றி நின்ற ஜனங்கள்தான். அவர் வீட்டுக்கு வந்த பிறகு சகேயு தானாக எழுந்து நின்று, என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அப்போதுதான் இயேசு, “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்கிறார். இரட்சிப்பு என்றால் மீட்பு.

இந்த வரிசையைக் கவனியுங்கள் அக்கா. முதலில் அவர் வந்தார், அப்புறம் இவன் மாறினான். நீங்கள் கேட்ட அடிப்படை இதற்குள்ளேயே இருக்கிறது. இன்ன நன்மை செய்தால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்வார் என்ற கணக்கு இங்கே கிடையாது. அவர் ஏற்றுக்கொண்டதை நம்பி அவர் கையைப் பிடிக்கிறோம். அதிலிருந்துதான் நல்ல வாழ்க்கை புறப்படுகிறது. சம்பாதிக்க முடியாமல் சும்மா கிடைப்பதால் இதைக் கிருபை என்கிறோம்.

சரி, பாவம் என்றால் என்ன? கொலையும் களவும் மட்டும் என்றால் உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. படைத்தவரை விட்டு விலகி, என் வாழ்க்கைக்கு நானே எஜமான் என்று இருப்பதுதான் வேர் என்கிறது வேதம். பொய், பொறாமை, பிறரை மட்டமாக நினைப்பது எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. ஒழுக்கமாக வாழ்கிறவருக்குள்ளும் அது இருக்கிறது. “எல்லாரும் பாவஞ்செய்து” என்று ஆதி சபையின் போதகரான பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதின கடிதமாகிய ரோமர் நிருபத்தில் எழுதும்போது, உங்கள் வீட்டுக்கு வந்தவர்களும் நானும் அதில் அடக்கம். விலகிப்போன மனுஷன் தானாகத் திரும்பி வர வழியில்லாதபடியால், தேவன் மனுஷனாக வந்து, அந்தப் பிரிவின் விளைவைச் சிலுவையில் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது எங்கள் விசுவாசம். இதை நீங்கள் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கள் மருமகளிடமே ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். சபைக்காரர்களைவிட அவள் நன்றாகச் சொல்வாள் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்றால் மூன்று கடவுள்கள்தானே? ஒன்று என்று ஏன் சொல்கிறீர்கள்?
கல்லூரி மாணவர், சிலைமான்

மூன்று தெய்வங்கள் இல்லை, தம்பி. ஒரே தேவன். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் விளங்கும். இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். “கர்த்தர் ஒருவரே கர்த்தர்” என்று தினமும் சொல்லி வளர்ந்தவர்கள், வேறு எதையும் வணங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டதும் “என் ஆண்டவரே, என் தேவனே” என்றார். இயேசுவோ எப்போதும் பிதாவிடம் ஜெபித்தார். தாம் போன பிறகு பரிசுத்த ஆவியானவர் வந்து உங்களோடு இருப்பார் என்றும் சொன்னார். ஒரே தேவன் என்பதையும் விட முடியாது, கண்டதையும் மறைக்க முடியாது. சபை இதை வெகுகாலம் யோசித்தது. குமாரனும் படைக்கப்பட்ட ஒருவர்தான் என்று ஆரியு என்பவர் போதித்தபோது, கி.பி. 325-இல் நிசேயா என்ற ஊரில் சபைத் தலைவர்களான ஆயர்கள் கூடி, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கை செய்தார்கள். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் நடந்த சங்கத்தில் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பகுதி விரிந்தது. இன்றும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில் நாங்கள் எழுந்து நின்று சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம், அதாவது எங்கள் நம்பிக்கையின் சுருக்க அறிக்கை, அதுதான்.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உதாரணம் சொல்வார்கள். நான் வகுப்பில் அதைச் சொல்வதில்லை. ஒருவரே மூன்று வேஷம் போட்டார் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள், அது தவறு. அதற்குப் பதில் யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற பகுதியை வாசிக்கச் சொல்வேன். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து வருகிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். மூளைக்கு முழுவதும் அகப்படவில்லையே என்றால், படைத்தவர் நம் மூளைக்குள் அடங்கிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 என்று நிலையாக இருக்கிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் மாறுகிறது? இரண்டில் எது பெரிய பண்டிகை?
வாசகர், செல்லூர்

பௌர்ணமிக் கணக்குதான். மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர். யூதர்களின் பஸ்கா பண்டிகை பௌர்ணமியை ஒட்டியது, இயேசு மரித்தது அந்தப் பஸ்கா சமயத்தில். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் வரலாம். 2019-இல் ஏப்ரல் 19, இயேசு மரித்ததை நினைக்கும் பெரிய வெள்ளி. அதே நாளில்தான் நம் ஊரில் அழகர் ஆற்றில் இறங்கினார். ஒரே நிலாவைப் பார்த்துத்தான் இரண்டு தேதியும் வந்தன.

எது பெரியது என்றால், சந்தேகமே இல்லாமல் ஈஸ்டர். நட்சத்திரமும் குடிலும் இருப்பதால் கிறிஸ்துமஸ் கண்ணில் படுகிறது. ஆனால் கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் எழுதிவிட்டார். எல்லாம் அந்த ஒரு செய்தியில்தான் நிற்கிறது. இது எங்கோ, எப்போதோ நடந்த கதையாகச் சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் பாடுபட்டார் என்று விசுவாசப் பிரமாணம் பேர் சொல்கிறது. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவர் பேர் பொறித்த கல் ஒன்று 1961-இல் செசரியாவில் கிடைத்தது. கிறிஸ்து பிலாத்துவின் கையில் மரண தண்டனை பெற்றதைக் கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதியிருக்கிறார். சிலுவை வரை சரித்திரம் சொல்லும். கல்லறை காலியாக இருந்ததை முதலில் கண்டு சொன்னவர்கள் பெண்கள். பெண்கள் சாட்சியை அந்தக் காலத்தில் பெரிதாக மதிக்க மாட்டார்கள். கட்டிவிட்ட கதை என்றால் முதல் சாட்சியாக ஆண்களைத்தான் நிறுத்தியிருப்பார்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் என் விசுவாசம் பலப்படுகிறது.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு” என்று சொன்னதிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னால் “உனக்கு விசுவாசம் இல்லை” என்கிறார்கள். என்ன செய்ய டீச்சர்?
வாசகர், உசிலம்பட்டி

தம்பி, இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அம்மாவை அழைத்துப்போய்ச் சர்க்கரை அளவைப் பாருங்கள், டாக்டர் சொல்கிறபடி மாத்திரையைத் தொடருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இனி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, மூன்றாவது சுவிசேஷத்தை எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். “பிரியமான வைத்தியனாகிய லூக்கா” என்று பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. வைத்தியத்தை விட்டுவிட்டு வா என்று பவுல் அவரிடம் சொன்னதாக எங்கும் இல்லை. அதே பவுலுக்கு உடம்பில் ஒரு முள், அதாவது தீராத ஒரு வேதனை, இருந்தது. அதை எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும்கூட, வரப்போகும் பாடுகளைப் பாத்திரம் என்று சொல்லி, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும், ஆனாலும் உமது சித்தப்படி ஆகட்டும் என்று ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காத ஜெபமும் ஜெபம்தான் அம்மா.

ஜெபத்தில் சுகம் கிடைக்கும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் டாக்டர் கையாலும் மருந்தாலும் சுகம் கொடுக்கிறவரும் அவர்தான். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் ஜெபவீடுகளோடு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியது. கீழவெளி வீதியில் மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. மருந்து கொடுத்தவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்களா? மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர் சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தால் கூட நிற்க மாட்டார். அப்படிப் பேசுவதை நான் விசுவாசம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஏழைப்பட்டவர்களின் உயிரோடு விளையாடுவது அது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கொடுத்த உமக்கு நன்றி என்று ஜெபித்துப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்ற கர்த்தருடைய ஜெபத்தில் அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கிறோமே, அதோடு மருந்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுக்க ஆசை. எடுத்தால் பேரை மாற்ற வேண்டுமா? பூ வைக்கக் கூடாதா? சாதி என்ன ஆகும்?
வாசகி, சோழவந்தான்

பேரை மாற்ற வேண்டியதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் பெறுவது ஞானஸ்நானம். புதுப் பேர் விருப்பம்தான். எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள், குழந்தைகளுக்கும் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில், விவரம் தெரிந்த வயதில் வருகிறவர்களைத் தண்ணீரில் முழுக்குவார்கள். இதற்காகச் சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை.

பூ வைத்துக்கொள்ளம்மா. சில சபைகளில் பூவும் நகையும் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் கட்டுப்பாடு. எங்கள் சபைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மல்லிகைப்பூ வைத்துத்தான் கோயிலுக்கு வருகிறார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் குரு இராபர்ட் தே நொபிலி காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று வாழ்ந்தார். அதற்கு அவர் சபையிலேயே எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். இயேசுவை நம்ப நாம் ஐரோப்பியர் ஆக வேண்டியதில்லை என்பதை நம் ஊர் அன்றே பார்த்துவிட்டது.

ஆனால் தே நொபிலி சாதிப் பிரிவினையையும் ஊர்ப் பழக்கம் என்று ஏற்றுக்கொண்டார். அங்கே நான் அவரோடு இல்லை. “நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்” என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கிவிட்டு வெளியே வந்து சாதி பார்த்துப் பெண் கொடுப்பவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அதைப் பார்த்து நீ மனம் தளரக் கூடாது. அதை ஏற்றுக்கொள்ளவும் கூடாது. ஞானஸ்நானத்துக்கு முன் ஆயரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேள்.

கேள்வி: பைபிளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?
வாசகர், மேலூர்

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். எங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்க வேதாகமத்தில் 73. ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பித்து லேவியராகமத்தில் பலிச் சட்டங்கள் வந்ததும் மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரே மாலையில் முடிக்கலாம். பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், அதற்குப் பின் ரோமர். இடையிடையே ராத்திரியில், வேதாகமத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டு. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கஷ்டமாக இருந்தால் எளிய தமிழ் மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன, தயங்காமல் வாங்குங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். கோடு போட்டதில் ஒன்றிரண்டை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து தொடங்குகிறேன்.