நாய்ப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

நாய்க்குட்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சென்ற முறை எழுதியிருந்தேன். வாங்கியாயிற்று, இப்போது என்ன செய்ய என்று இந்த முறை கேட்டிருக்கிறீர்கள். எல்லாக் கடிதங்களிலும் பயிற்சி, அதற்கான சாமான், அதற்கான செலவு ஆகியவைதான் பேச்சு.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): அண்ணாச்சி, எங்கள் லாப்ரடாருக்கு ஏழு மாதம். வீட்டுக்கு ஆள் வந்தால் மேலே தாவுகிறான். நடக்கக் கூட்டிப்போனால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுக்கிறான். ஒரு பயிற்சியாளர் தன்னிடம் ஒரு மாதம் விடச் சொல்கிறார். 18,000 ரூபாய், முழு உத்தரவாதம். இடையில் நாங்கள் வந்து பார்க்கக் கூடாதாம், நாயின் கவனம் சிதறிவிடுமாம். விடலாமா?

பதில்: வந்து பார்க்கக் கூடாது என்கிற இடத்தில் விட வேண்டாம். அந்த ஒரு நிபந்தனையே போதும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஒரு மாதம் எட்டிப் பார்க்காதே என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் இரண்டே கேள்வி கேளுங்கள். நாய் சொன்னதைச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்குத் தீனி, விளையாட்டு, வெளியே போக விடுவது என்று பதில் வர வேண்டும். இரண்டாவதற்கு, பாடத்தை இன்னும் எளிதாக்குவேன், கவனத்தைக் கலைக்கிற பொருளிலிருந்து தள்ளிக் கூட்டிப்போவேன், பரிசு கிடைக்காமல் போகும் என்பது போன்ற பதில் வர வேண்டும். "கழுத்துச் சங்கிலியை ஒரு சுண்டு சுண்டுவேன்", "முதலாளி யார் என்று காட்டுவேன்" என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

அந்த "முதலாளி" பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெவ்வேறு இடத்தில் பிடித்து ஒரே கூண்டில் அடைத்த ஓநாய்கள் ஒன்றை ஒன்று அடக்கியதைப் பார்த்து 1940-களில் எழுதியது அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999-ல் எழுதிவிட்டார். அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைதான் பரிந்துரை என்று சொல்லியிருக்கிறது. முரட்டு நாய்க்கும் அதுவேதான்.

இன்னொரு விஷயம். ஒரு மாதம் அவரிடம் இருந்தால் உங்கள் நாய் அந்த இடத்தில் அந்த மனிதரின் பேச்சைக் கேட்கப் பழகும். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறப்பது நீங்கள், தாவினால் கொஞ்சுவது உங்கள் பிள்ளைகள். பழையபடி ஆகிவிடும். ஆகவே பழக வேண்டிய ஆள் நீங்கள்தான். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து, உங்கள் கையில் தீனியைக் கொடுத்து உங்களுக்குச் சொல்லித் தருகிறவராகப் பாருங்கள். செலவும் குறையும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் நீங்களே தொடங்கலாம். ஈரலை உப்பில்லாமல் அவித்துப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கயிறு தொய்வாக இருக்கிற ஒவ்வொரு தடவையும் "சபாஷ்" என்று சொல்லி உடனே ஒரு துண்டு. உடனே என்றால் ஒரு நொடிக்குள். பையைத் தேடித் துழாவிக் கொடுத்தால், எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. இழுத்தால் நின்றுவிடுங்கள், தொய்ந்தால் நடங்கள். தாவுகிறவனுக்கு, நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தீனி, அதையும் தரையில் போடுங்கள். தாவும்போது முழங்காலால் இடிக்காதீர்கள், கத்தாதீர்கள். அந்த வயதில் கத்தலும் அவனுக்கு விளையாட்டுதான். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். அன்றைய சாப்பாட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பரிசாக்கினால் உடம்பும் வைக்காது. பரிசுத் தீனி மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

உத்தரவாதம் பற்றி: உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு நேர்மையான ஆள் யாரும் முழு உத்தரவாதம் தர மாட்டார். நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட இங்கே எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி நகரம்): நாங்கள் ஏற்கெனவே அப்படி ஓர் இடத்தில் விட்டுவிட்டோம். திரும்பி வந்த நாய் கையைத் தூக்கினாலே பதுங்குகிறது, கழுத்தில் முடி உதிர்ந்த வடு. பணத்தைக் கேட்டால் "நாய்தான் இப்போது அடங்கி இருக்கிறதே" என்கிறார்கள். பில் தரவில்லை. வங்கிக் கணக்கில் அனுப்பியதற்கு மட்டும் சான்று இருக்கிறது.

பதில்: முதலில் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வடுவைப் பற்றி எழுதி வாங்குங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோகலாம். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் போட்ட விளம்பரம் எல்லாவற்றையும் சேமியுங்கள். அப்புறம் பணத்தைக் கேட்டு எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

காசு வாங்கிச் செய்கிற பயிற்சி ஒரு சேவை. ஆகவே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். பில் தராததையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. பணம் அனுப்பிய சான்று உங்களிடம் இருப்பதால் கவலை இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லிப் பாருங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பயிற்சி நிலையம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடித்தது தனிக் குற்றம். 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவில் வரும். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். பல வருடமாக உயர்த்தாத தொகை! அதை நம்பிக் காத்திராமல் நுகர்வோர் வழியில் போங்கள்.

நாய் அடங்கியிருக்கிறது என்று சொன்னார்களே, அதை நம்பாதீர்கள். உறுமினால் அடி விழும் என்று பழகிய நாய் உறுமுவதை மட்டும் விட்டுவிடும். பயம் உள்ளேயேதான் இருக்கும். அப்படிப்பட்ட நாய் முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். சிறு பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தனியே பக்கத்தில் விடாதீர்கள்.

கேள்வி (சங்கரன்கோவில் பக்கம், விவசாயி): எங்கள் சிப்பிப்பாறை நாய் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆட்டு மந்தையைக் கிடை போட்டால் ஆட்டை விரட்டுகிறது. மகன் இணையத்தில் ரிமோட்டால் இயக்குகிற கழுத்துப் பட்டை ஒன்று வாங்கினான். "வலிக்காது, வெறும் அதிர்வு" என்று போட்டிருந்தது. என் கையில் வைத்து அமுக்கினேன், சுள்ளென்று ஷாக் அடித்தது. திருப்பி அனுப்பலாமா? வேறு என்ன வாங்க?

பதில்: முதலில் தன் கையில் வைத்துப் பார்த்த உங்களுக்கு என் வணக்கம். திருப்பி அனுப்பலாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின் வணிக விதிகள் சொல்கின்றன. அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். புகார் கொடுத்தால் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இந்த ஷாக் பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆட்டைப் பார்த்த நொடியில் ஷாக் அடித்தால், ஆடுதான் கடித்தது என்று நாய் கணக்குப் போடலாம். அப்புறம் விரட்டுவதோடு நிற்காது.

சிப்பிப்பாறையும் கன்னியும் முகர்ந்து தேடுவதைவிட கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனங்கள். கரிசல் காட்டில் முயலுக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். (முயல் வேட்டை இன்றைக்கு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது வேறு கதை.) அசைந்து ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அடித்து அழிக்க முடியாது, வேறு பக்கம் திருப்பலாம்.

வாங்க வேண்டியது மூன்று. மார்பில் மாட்டுகிற ஹார்னஸ் ஒன்று. இந்த நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்து அதே அளவு, சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு ஓடிவிடும். தோள் அசைவைத் தடுக்காமல், முன்பக்கம் ஆங்கில ஒய் (Y) எழுத்து வடிவில் இருப்பதாகப் பாருங்கள். அப்புறம் பத்து மீட்டர் நாடாக் கயிறு. இதை ஹார்னஸில்தான் கட்ட வேண்டும், கழுத்துப் பட்டையில் கட்டினால் வேகம் எடுத்து ஓடி முனையில் நிற்கும்போது கழுத்து போய்விடும். மூன்றாவது, ஒரு கம்பு, அதன் நுனியில் கயிறு, கயிற்று முனையில் பழந்துணி. இதற்குக் காசே வேண்டாம். அந்தத் துணியை ஆட்டி ஓடவிட்டுத் தினமும் துரத்த விடுங்கள், பிடிக்கவும் விடுங்கள். பிடிக்கக் கிடைக்காத ஆட்டம் நாய்க்கு எரிச்சல்தான்.

ஆட்டுக் கிடையை வெகு தூரத்திலிருந்து காட்டித் தொடங்குங்கள். நாய் ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்ததும் ஈரல் துண்டு. எந்தத் தூரத்தில் உங்களையே மறந்து விறைத்து நிற்கிறதோ அது இன்றைக்கு ரொம்பக் கிட்டம் என்று அர்த்தம், பின்னால் வாருங்கள். வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். இப்படிப் பழகிய நாயையும் கிடைக்குப் பக்கத்தில் கயிறில்லாமல் நான் விட மாட்டேன். ஆட்டுக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுப்பது நீங்களாக இருக்கும்.

அதற்காகப் பகல் முழுதும் சங்கிலியில் போடாதீர்கள். மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும், கட்டிய நாயை நடமாட விடாததும் நான் மேலே சொன்ன அதே 11-ம் பிரிவில் வருகின்றன.

கேள்வி (வண்ணார்பேட்டை, இல்லத்தரசி): மாடி வீடு. ஐந்து மாதக் குட்டி செருப்பு, சோபா எல்லாவற்றையும் கடித்துக் குதறுகிறது. உள்ளே தீனி அடைத்துக் கொடுக்கிற ரப்பர் பொம்மை ஒன்று ஆயிரத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: ஐந்து மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது அம்மா. ஈறு அரிப்புக்கு அது எதையாவது கடித்தே ஆக வேண்டும். உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பல மாதம் உழைக்கும். தயிர்ச் சோற்றை அதில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அரை மணி நேரம் சத்தமே இருக்காது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பல் உடையும். வாய்க்குள் முழுதாகப் போகிற அளவும் வேண்டாம்.

மீதியெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பழைய சாரத்தை (லுங்கியை) விரித்துத் தீனியைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள், அவிழ்த்துத் தின்னட்டும். அட்டைப் பெட்டிக்குள் பெட்டி வைத்து நடுவில் ஒரு துண்டு கோழிக்கறி. பெட்டியில் உள்ள ஸ்டேப்லர் பின்களை மட்டும் பிடுங்கிவிடுங்கள். மொட்டை மாடியில் ஓர் அகலத் தொட்டியில் ஆற்று மணல் நிரப்பி வாசனைத் தீனியைப் புதைத்தால் தோண்டுகிற ஆசை அங்கே தீரும், பூந்தொட்டி பிழைக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

பலர் சிரட்டையையும் தேங்காய் மட்டையையும் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சிரட்டை கூர்மையாக உடையும், நாரை விழுங்கினால் குடல் அடைக்கும். வெந்த எலும்பும் அப்படியே, சில்லுச் சில்லாக உடைந்து குத்தும். பிரியாணி வீட்டு எலும்பு வேண்டவே வேண்டாம்.

காலையில் நடக்கப் போகும்போது நாய் நின்று முகர்ந்தால் இழுக்காதீர்கள். கடையில் வாங்கும் எந்தப் புதிர்ப் பலகையும் தெரு முனையில் உள்ள ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஈடாகாது.

கேள்வி (வள்ளியூர், கல்லூரி மாணவர்): நாய் பிஸ்கட் பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும் தம்பி. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் தின்பதற்குத்தான், கால்நடைத் தீவனம் அதற்கு வெளியே. ஆகவே சேர்மானப் பட்டியலை நீங்களேதான் படிக்க வேண்டும். சர்க்கரை முன்வரிசையில் இருந்தால் வைத்துவிடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுப்பவர்கள் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அதில் இல்லை என்று உறுதி செய்யுங்கள், நாய்க்கு அது கொடிய விஷம். சாக்லேட், திராட்சை, வெங்காயமும் ஆகாது. அல்வா கேட்டுக் கெஞ்சும், கொடுக்காதீர்கள். கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்டால் எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. பயத்தைப் போக்கும் ஜாக்கெட், ஸ்பிரே என்று விற்கிறார்களே?

பதில்: அவற்றால் சில நாய்க்குக் கொஞ்சம் பலன் உண்டு, பல நாய்க்கு இல்லை. திருப்பித் தரலாம் என்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். கொடைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே செல்பேசியில் வேட்டுச் சத்தத்தை மிக மெல்லிசாக வைத்து, ஒலிக்கிறபோதெல்லாம் நல்ல தீனி கொடுங்கள். நாய் காதைக் கூட அசைக்காத அளவில்தான் அடுத்த நாள் ஒரு புள்ளி கூட்ட வேண்டும். கொடை அன்றைக்கு நடுங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கலாம், பயம் அதனால் வளராது. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே போட மட்டும் வேண்டாம். பயம் ரொம்ப அதிகம் என்றால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். அதைக் கொடை நாளில் முதன்முதலாகக் கொடுக்காமல், முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வேட்டுச் சத்தத்தில் கயிறை அறுத்துக்கொண்டு ஓடுகிற நாய்கள் நிறைய. பட்டையின் உள்பக்கம் அழியாத மையால் உங்கள் செல்பேசி எண்ணை எழுதி வையுங்கள், பேனா விலைதான் செலவு.