மண்ணுக்குள் கிடைத்த உலோகக் கூம்பு: அது என்ன, எந்தக் காலத்தது?

கேள்வி: தோட்டத்தில் குழி தோண்டும்போது இரண்டடி ஆழத்தில் கூம்பு வடிவ உலோகப் பொருள் ஒன்று கிடைத்தது. நீளம் சுமார் 9 செ.மீ., எடை 410 கிராம். உடல் பச்சை பூத்திருக்கிறது; கூர்நுனி மட்டும் துருவேறியிருக்கிறது. அகன்ற பக்கத்தில் திருகு மரை தெரிகிறது. இது என்ன, எவ்வளவு பழையது? எலுமிச்சை தேய்த்துக் கழுவலாமா?

பதில்: இப்போதைக்குக் கழுவ வேண்டாம். மரையைத் திருகிப் பார்க்கவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கொத்தனாரின் தூக்குக்குண்டோடு நன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் பீரங்கிக் குண்டை வெடிக்கவைக்க அதன் மூக்கில் பொருத்தும் ஃபியூஸும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அதுவும் பெரும்பாலும் பித்தளையில் வரும். எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்தாலும் ஃபியூஸ் வெடிக்கக்கூடும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது வயதை அல்ல, இதை.

பொருளைத் தொடாமல், சாய்வான வெளிச்சத்தில் அகன்ற பக்கத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கச் சுற்றிவரும் பெரிய வெளிமரை, உடலைச் சுற்றி எண்கள் வெட்டிய வளையம், சாவி போட்டுத் திருப்புவதற்கான சிறு குழிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் பொருளை அப்படியே விட்டுவிட்டு விலகிக் காவல் துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளோ வண்டியிலோ எடுத்துச் செல்லக் கூடாது. தூக்குக்குண்டில் இருப்பது வேறு: தலையில் சிறிய மூடி, அதன் நடுவே நூல் நுழையும் துளை. மூடி தொலைந்திருந்தால் குறுகலான உள்மரை மட்டும் தெரியும். சந்தேகம் துளியளவு மிஞ்சினாலும் ஃபியூஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குக்குண்டுதான் என்று உறுதியானபின் உலோகத்தைப் பார்க்கலாம். உடலில் காந்தம் ஒட்டாமல் நுனியில் மட்டும் ஒட்டினால், செம்புக் கலவை உடலில் எஃகு முனை செருகியிருக்கிறார்கள் என்று பொருள். நுனி மட்டும் துருவேறியதற்கும் அதுவே காரணம்: ஈர மண்ணில் செம்புக் கலவையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு வேகமாக அரிபடும்.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். தராசில் நீர்ப் பாத்திரத்தை வைத்து அளவைச் சுழியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் கிராமே, கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு. 48 வந்தால் 410 ÷ 48 = 8.5, பித்தளை பெரும்பாலும் 8.4 முதல் 8.7 வரை. வெண்கலமும் இதையொட்டியே வருவதால் இரண்டையும் இந்த எண்ணால் பிரிக்க முடியாது. 9-ஐத் தாண்டிப் போனால் உள்ளே ஈயம் ஊற்றியிருக்கலாம். குறைவாக வந்தால் குழிக்குள் காற்று நிற்கிறதா என்று பாருங்கள்.

வயதுக்கு ஆழத்தை நம்பாதீர்கள். பழைய குழி, உழவு, கொட்டிய மண் என எதுவும் நேற்றைய பொருளை இரண்டடிக்குக் கீழே கொண்டுபோகும். உலோகத்தில் பூத்த பச்சைக் களிம்பின் தடிமனும் மண்ணின் ஈரம், உப்பைப் பொறுத்தது. ஆண்டுகளை எண்ண உதவாது. வடிவமோ பண்டைய எகிப்திலிருந்தே பெரிதாக மாறவில்லை. பேசுவது மரைதான். இடைவெளி ஏறியிறங்கி, பள்ளம் கோணலாக இருந்தால் கையால் வெட்டியது. சீராக இருந்தால் மரை அளவியை வைத்துப் பாருங்கள்: 55 பாகைக் கோணம் 1841-இல் பிரிட்டிஷ் பொறியாளர் விட்வொர்த் முன்வைத்த தரம், மெட்ரிக் மரைக்கு 60 பாகை. எழுத்து ஏதாவது பொறித்திருந்தால் இன்னும் நல்லது. 1890-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தால் அமெரிக்காவுக்குப் போன சரக்குகளில் தயாரித்த நாட்டின் பெயர் கட்டாயமானது. நாட்டுப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குரோம் பூச்சு தெரிந்தால் 1920-களுக்கு முன் போக வேண்டாம். இவையெல்லாம் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். பல தடயங்கள் இருந்தால் அவற்றில் மிகப் பிந்தியதே கணக்கு.

எலுமிச்சை, வினிகர், கம்பித் தூரிகை மூன்றும் கூடாது. அமிலம் களிம்போடு சேர்த்து எழுத்தையும் கடைசல் கோடுகளையும் தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீர், மென்மையான தூரிகை, மரைக்குள் மூங்கில் குச்சி போதும். ஊறவைக்காமல் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பிறகு வெளிர்பச்சைத் தூள் உதிரும் புள்ளிகளோ நுனியில் ஆரஞ்சுத் துளிகளோ தோன்றினால் உப்பால் வரும் குளோரைடு அரிப்பு நடக்கிறது. அது அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் கையில் போக வேண்டிய வேலை.