நீளம் சொல்லும் பைட்டுகளை நம்பலாமா?

கேள்வி: எங்கள் பைனரி கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டுகளில் இருக்கும். கோப்பின் அமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவின்படியே, கோப்பைப் படித்துப் பிரிக்கும் பார்சரை எழுதியிருந்தும், பழுதான கோப்பு ஒன்றைத் திறந்ததும் நிரல் பல ஜிபி நினைவகம் கேட்டு நின்றுவிட்டது. ஏன்?

பதில்: அந்த நான்கு பைட்டுகள் ஓர் எண் என்பதைத்தான் ஸ்கீமா சொல்கிறது, அந்த எண் குறிக்கும் அளவுக்குத் தரவு உண்மையிலேயே இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நான்கு பைட்டுகளில் 429 கோடிக்கு மேல் எழுத முடியும் என்பதால், நீளத்தைப் படித்தவுடனே, நினைவகம் ஒதுக்குவதற்கு முன்பே, மீதமுள்ள பைட்டுகளோடு அதை ஒப்பிட்டாக வேண்டும்.

ஒப்பிடும் முறையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தற்போதைய இடத்தையும் நீளத்தையும் கூட்டிக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டால், 32 பிட் கணக்கில் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டிச் சிறிய எண்ணாகச் சுருங்கி, சோதனையில் தேறிவிடக்கூடும். கோப்பின் அளவிலிருந்து தற்போதைய இடத்தைக் கழித்து, நீளம் அந்த மீதியை விடப் பெரிதா என்று கேட்பதே பாதுகாப்பானது. பதிவுக்குள் பதிவு இருந்தால், உள்ளே இருப்பதன் நீளத்தை வெளிப்பதிவின் மீதியோடுதான் ஒப்பிட வேண்டும். கோப்பின் மீதியோடு அல்ல.

இந்த ஒரு சோதனை விடுபட்டதன் விளைவை 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் பிழையில் உலகமே கண்டது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் ஹார்ட்பீட் செய்தியில் வகைக்கு ஒரு பைட், நீளத்துக்கு இரண்டு பைட், பின்னர் தரவு, இறுதியில் குறைந்தது 16 பைட் நிரப்பு என்பது அமைப்பு. ஒரே ஒரு பைட் தரவை அனுப்பிவிட்டு நீளத்தை மட்டும் 65,535 என்று எழுதினால், சர்வர் அதை நம்பி, தன் நினைவகத்தில் அடுத்திருந்தவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 64 கேபி வரை திருப்பி அனுப்பியது. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூட அதில் வெளியேற வழியிருந்தது. நீளம் பொருந்தாத செய்தியை ஓசையின்றிக் கைவிட வேண்டும் என்று 2012-இல் வெளியான, ஹார்ட்பீட்டின் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 6520 ஆவணம் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1ஜி பதிப்பில் வந்த திருத்தம், 1 + 2 + நீளம் + 16 என்ற தொகை உண்மையில் வந்த பதிவின் அளவைத் தாண்டினால் செய்தியைக் கைவிடும் எளிய நிபந்தனையே.

நீளம் பொருந்தாவிட்டால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு தொடராமல், பதிவையே நிராகரியுங்கள். நீளப் பைட்டுகளில் பூஜ்யம், சரியான மீதி, மீதியை விட ஒன்று கூடுதல், இயன்ற உச்ச எண் ஆகியவற்றை எழுதிய கோப்புகளைத் தயாரித்து, ஒவ்வொரு மாற்றத்தின் பின்பும் பார்சரை அவற்றில் ஓட்டிப் பாருங்கள்.