பதில்: உங்கள் புளோரிடா கணக்கு சரிதான்

வணக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2016-இல் புளோரிடாவில் நடந்த உட்கட்சித் தேர்தலில், குடியரசுக் கட்சியின் டிரம்ப் 46 சதவீத வாக்கில் 99 பிரதிநிதிகளையும் (கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்பவர்கள்) அள்ளிக்கொண்டார். ஜனநாயகக் கட்சிப் போட்டியில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கித் தோற்ற சாண்டர்ஸுக்கோ 73 பேர் கிடைத்தார்கள். அட்டவணையில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை இல்லை. இரு கட்சிகளின் விதிகளும் வேறு.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்தை எட்டியவர்களுக்கெல்லாம் வாக்குக்கேற்ற பங்கு உண்டு. எந்த மாநிலமானாலும் இதுதான். குடியரசுக் கட்சி பங்கீட்டைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டுவிடுகிறது. அந்த ஆண்டு மார்ச் 15 முதல் 'வென்றவருக்கே எல்லாம்' முறைக்கு அனுமதி இருந்தது. புளோரிடா சரியாக அன்றைக்கே தேர்தலை வைத்தது! உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அது கைகொடுக்கும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். ஆனால், அதே மாநிலத்தின் செனட்டர் ரூபியோ 27 சதவீதம் வாங்கியும் ஒரு பிரதிநிதிகூடத் தேறவில்லை. அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார்.

ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஜனநாயகக் கட்சியின் 'மொத்தம்' என்ற கட்டத்தில் சூப்பர் பிரதிநிதிகளையும் சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் பதவி வழியாக வருபவர்கள், வாக்காளர் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தனிக் கட்டத்தில் எழுதுங்கள். 2018 விதிமாற்றத்துக்குப் பிறகு, முடிவு முன்பே உறுதியாகியிருந்தால் தவிர, மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்களிக்கும் உரிமையே கிடையாது.