போர் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை: யாரைக் கேட்பது?

கேள்வி: குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். வீட்டு போர் தண்ணீரில் சில மாதங்களாக மண்ணெண்ணெய் வாடை. குடத்தில் பிடித்து வைத்தால் மேலே பல நிறத்தில் படலம் கட்டுகிறது. வயல் வழியாகக் கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது, ரோட்டில் பெட்ரோல் பங்க்கும் இருக்கிறது. யார் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெயிலுள்ள நச்சுப் பொருளான பென்சீன் இருந்தால் அது ஆவியாகி அடுப்படியில் நிற்பவர் மூச்சில்தான் ஏறும்.

யார் என்று கேட்கும் முன் எந்த எண்ணெய் என்று தெரிய வேண்டும். கதிராமங்கலத்தில் 2017 ஜூனில் குழாய் கசிந்தபோது கச்சா எண்ணெய் வயலிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுடையது மண்ணுக்குள் நடக்கிற விஷயம், வாடையை மட்டும் வைத்து யாரையும் கைகாட்ட முடியாது.

படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவாக இருக்கலாம். உடனே மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய்தான். அப்புறம் உங்கள் மோட்டாரைப் பாருங்கள். எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் சீல் போனாலும் படலம் வரும். பக்கத்து டீசல் இன்ஜின் கொட்டகையில் தரை ஊறிப் போயிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் ஆய்வகம்தான். குடிநீருக்கான வழக்கமான பரிசோதனை போதாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள இடத்தில் 'கேஸ் குரோமட்டோகிராபி' (எண்ணெயில் கலந்திருப்பவற்றை லேசானதிலிருந்து கனமானது வரை பிரித்து வரைபடமாகக் காட்டும் சோதனை) பதிவோடு வேண்டும் என்று கேளுங்கள். அதுதான் எண்ணெயின் கைரேகை. பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுயீன் போன்ற லேசானவை முன்பக்கத்திலேயே குவியும். டீசல் நடுவில் ஒரு மேடாகத் தெரியும். கச்சா எண்ணெய் லேசானதிலிருந்து மெழுகு வரை நீண்டு பரவும். மண்ணில் நாளானால் எண்ணெயிலுள்ள நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை (கார்பன் அணுக்கள் ஒரே வரிசையாகக் கோத்த மூலக்கூறுகளை) நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும். பிரிஸ்டேன், ஃபைட்டேன் என்ற கிளைச்சங்கிலிகள் அதைவிடத் தாமதமாகவே சிதையும். நேர்ச்சங்கிலிக்கும் இந்தக் கிளைச்சங்கிலிக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் கசிவு புதிதா பழசா என்று ஓரளவு சொல்லலாம். இவற்றைவிடவும் எளிதில் சிதையாத ஹோப்பேன்கள் என்ற சேர்மங்களை, குழாயில் ஓடும் எண்ணெயின் மாதிரியோடு ஒப்பிட்டால்தான் வாதம் உறுதியாகும். அந்த மாதிரியை நீங்கள் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம். ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள். எண்ணெய் மிதக்கும் என்பதால், முடிந்தால் மோட்டார் போடும் முன் மேல்மட்டத் தண்ணீரில் ஒன்று, ஓடவிட்ட பிறகு ஒன்று. கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் சீல் வைத்தால் பின்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கூடவே சுற்றியுள்ள மூன்று கிணறுகளில் ஒரே நாளில் நீர்மட்டம் அளந்து, கிணற்று வாயின் உயர வித்தியாசத்தைக் கழித்துவிடுங்கள். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். டெல்டாவில் பொதுவாகக் கிழக்கே, கடலை நோக்கி. ஆனால் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கரையோரத்தில் திசை மாறலாம். அதனால் கோடையில் ஒருமுறை, வாய்க்கால் ஓடும்போது ஒருமுறை அளங்கள். இரண்டில் ஒரு முறையாவது பங்க்கோ குழாயோ உங்கள் போருக்கு மேல்பக்கம், அதாவது நிலத்தடி நீர் வரும் பக்கம், இருந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.